சின்னவனும் பக்கத்து வீட்டுக்காரனும்

இருபத்தொன்பது வருஷம் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால், கேட்பவர்கள் ஏதோ காதல் கதை என்று நிமிர்ந்து உட்காருவார்கள். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மாதச் சம்பளத்துக்குச் செய்த வேலை. அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள், அவ்வளவுதான். அந்தக் கண்ணும் கருத்தும்தான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது என்பது வேறு விஷயம்.

மலைமேல் ஒரு வானாய்வகம். அதில் பெரிய தொலைநோக்கிகள் இரண்டு, அவற்றுக்குப் பெரிய ஆட்கள். ஓரமாக, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சின்னக் குவிமாடம், அதற்குள் ஒரு சின்னத் தொலைநோக்கி, அதற்கு இவள். முப்பத்தோராவது வயதில் வந்து சேர்ந்தாள். இப்போது அறுபது முடிகிறது. இடையில் மூன்று இயக்குநர்கள் வந்து போனார்கள். நான்காமவர் இவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் இவளை "அம்மா" என்பார், இவள் அவரை "சார்" என்பாள்.

அவளுடைய நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது. ஒன்பது இலக்கத்தில் ஓர் எண்தான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நூற்று நாற்பது ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இன்றைக்கு அவள் பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது அவளுடைய தாத்தாவே பிறந்திருக்கவில்லை. ஆனால் அது அப்படியே நம் சூரியனுடைய ஜாடை. எடை சூரியனைவிட நூற்றில் இரண்டு பங்கு கூட. மேற்பரப்பின் சூடு ஐயாயிரத்து எழுநூற்று ஐம்பது கெல்வின், சூரியனுக்கு ஒரு இருபது டிகிரி குறைவு, அவ்வளவே. அதே மஞ்சள் நிறம். தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய முப்பது நாள். வயதில்தான் மூத்தது: சூரியனுக்கு நானூற்று அறுபது கோடி வருஷம் என்றால் இதற்கு அறுநூற்றைம்பது கோடி. ஆனாலும் அவள் அதைச் "சின்னவன்" என்றே எழுதிவைத்தாள். சூரியன் பெரியவன், இது சின்னவன். முதல் வருஷத்து நோட்டில் விளையாட்டாக எழுதியது, அதுவே நிலைத்துவிட்டது.

குவிமாடத்தின் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். வாயாடி. அவர்தான் அவளுக்குச் "சின்னவனம்மா" என்று பட்டம் கட்டியவர். அது காரியாலயம் முழுக்கப் பரவி, டீ கொண்டுவருகிறவர்கூட "சின்னவன் நல்லா இருக்கானா?" என்று விசாரிக்கிற அளவுக்குப் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளாத பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டம். அவள் முதலில் முறைத்தாள், அப்புறம் சிரித்தாள், பிறகு "நல்லா இருக்கான்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

அவள் குடியிருந்தது ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை, ஒரு சமையலறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். விருந்தாளி வந்தால் இருக்கட்டும் என்று ஒருமுறை இன்னொரு தட்டு வாங்கினாள். அதன் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரிக்க இதுவரை சந்தர்ப்பம் வரவில்லை. இரவில் விழித்து, காலையில் தூங்கி, மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும் நேரத்தில் பல் தேய்க்கிறவளை யார் வீட்டுக்கு அழைப்பார்கள்? வேலையறையில் ஓர் இரும்பு அலமாரி, அதில் அறுபத்தோரு நோட்டுகள். மேஜை. தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு ஜன்னல். மடித்த அட்டையைச் சொருகினால்தான் காற்றில் அடிக்காது. தனியாகத்தான் இருந்தாள். தனிமை பழகிப்போகும் என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள். அது பழகுவதில்லை, அதைப் பற்றிப் பேசாமல் இருக்கத்தான் பழகுகிறது.

அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே கதை ஏறாது.

சூரியனில் கரும்புள்ளிகள் வரும், போகும். பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை கூடும், பிறகு குறையும். அதோடு சேர்ந்து சூரியனின் வெளிச்சமும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்கும். சூரியன் மாதிரியே இருக்கிற சின்னவனுக்கும் அப்படி ஒரு ஏற்ற இறக்கம் உண்டா? அதுதான் கேள்வி. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வானம் ஒருநாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. ஈரம், தூசி, மெல்லிய மேகம், எல்லாமே வெளிச்சத்தைக் குறைக்கும். அதனால் சின்னவனை மட்டும் அளந்து பயனில்லை. பக்கத்திலேயே தெரிகிற இன்னொரு நட்சத்திரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். மேகம் வந்தால் இரண்டுக்கும்தானே வரும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். ஒப்பிடுவதற்கென்று அவள் தேர்ந்தெடுத்த நட்சத்திரம் கொஞ்சம் செம்மஞ்சளாக, சின்னவன் அளவுக்கே பிரகாசமாக இருந்தது. அதற்குப் "பக்கத்து வீட்டுக்காரன்" என்று பெயர் வைத்தாள். பக்கத்து வீடு என்பது பார்வைக்குத்தான். உண்மையில் இரண்டுக்கும் நடுவில் ஐம்பது ஒளியாண்டு இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரன் மாறாதவன்தானா என்று சரிபார்க்க மூன்றாவதாகவும் ஒரு நட்சத்திரம் வேண்டும் என்பது முறை. அவளும் வைத்திருந்தாள். ஆனால் அந்த மூன்றாவது ஆள் ரொம்ப மங்கல். அவனை அளக்க மட்டும் நாலு நிமிஷம் பிடிக்கும். குளிரில் விரல் விறைத்துப்போய், கருவியின் குமிழைத் திருப்ப முடியாத நாட்கள் அவை. முதல் பதினாலு மாதம் அளந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் அசையவே இல்லை. "சரி, இவன் நம்பிக்கையான ஆள்தான்" என்று மூன்றாவது ஆளை விட்டுவிட்டாள். ஓர் அளவுக்கு நாலு நிமிஷம் மிச்சம். அந்த நேரத்தில் சின்னவனை இன்னொரு தடவை அளக்கலாம். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் சின்னவன் ஏறினான். ஐந்தாம் வருஷம் உச்சிக்குப் போனான், இறங்கினான், பதினோராம் வருஷம் அடியைத் தொட்டான், மறுபடி ஏறினான். ஆயிரத்தில் மூன்று பங்கு. பன்னிரண்டு வருஷச் சுழற்சி. அவள் தனிப் பெயரில் ஒரு கட்டுரை எழுதினாள். வாழ்க்கையிலேயே அவளுடைய பெயர் மட்டும் போட்டு வந்த கட்டுரை அது ஒன்றுதான். தூர தேசத்திலிருந்து இரண்டு பேர் பாராட்டி எழுதினார்கள். அந்தக் கடிதங்களும் அலமாரியில்தான் இருக்கின்றன.

இருபத்துமூன்றாம் வருஷத்தில் சின்னவன் இரண்டாம் முறை அடிக்கு வந்துகொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. அம்மா அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் போன் செய்தார். அவள் அப்போது என்ன நிலையில் இருந்தாள் என்றால், ஒரு மாதமாக மேகம் மூடிக்கிடந்து, அன்றைக்குத்தான் வானம் விட்டிருந்தது. இன்னும் மூன்று இரவு போனால் சின்னவன் சூரியனுக்குப் பின்னால் மறைந்துவிடுவான். பிறகு மூன்று மாதம் கண்ணில் பட மாட்டான். அவன் அடியைத் தொட்டு ஏற ஆரம்பித்துவிட்டானா இல்லையா என்பதை அந்த மூன்று இரவுகளில் பிடித்தால்தான் உண்டு.

நட்சத்திரம் திரும்பப்போகிற அந்த மூன்று இரவைப் பற்றிச் சொல்லிவிட்டு, "வரட்டுமா அண்ணா?" என்று கேட்டாள்.

"காய்ச்சல்தான் பாப்பா. பயப்பட ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். உன் வேலையை முடிச்சிட்டு வா."

வேலையை முடித்தாள். நான்காம் நாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினாள். அம்மா விடிவதற்கு முன்பே போய்விட்டிருந்தார். "தூக்கத்துலயே போயிட்டாங்க. ரெண்டு நாளா நினைவே இல்லை, யாரையும் தேடலை" என்று அண்ணன் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வந்து அந்த மூன்று இரவின் அளவுகளைப் படத்தில் குறித்தாள். மூன்றாவது புள்ளி ஒரு மயிரிழை ஏறியிருந்தது. சின்னவன் திரும்பிவிட்டான். அந்த மூன்று புள்ளிகளையும் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டாள். போட்டுவிட்டு அன்றைக்கு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அம்மாவைக் கொடுத்து வாங்கிய புள்ளிகள் அவை.

இதோ, இப்போது ஓய்வு பெறப் போகிறாள். சின்னவன் இந்த வருஷம் மூன்றாம் முறையாக உச்சியைத் தொட்டிருக்கிறான், அவள் சொன்ன மாதிரியே, சொன்ன வருஷத்திலேயே. வெள்ளிக்கிழமை பிரிவு உபசாரம். அதையொட்டி அவள் பேச வேண்டும் என்று இயக்குநர் ஏற்பாடு செய்தார். அவளுக்கும் ஆசைதான், மறைப்பானேன்? ஒரு வாரம் முன்பு அண்ணனுக்குப் போன் செய்து, மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"நானும் உங்க அண்ணியும் வர்றோம்" என்றார் அண்ணன்.

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் அவர் இந்த மலைக்கு வந்ததே இல்லை.

"உங்களுக்கு முட்டி வலி இருக்கே அண்ணா."

"வலி எங்க இருந்தாலும் வலிதான். நீ அப்படி என்னதான் பார்த்தேன்னு ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போறேனே."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் வந்து உட்கார வேண்டும், அந்த வளைகோட்டைப் பார்க்க வேண்டும், அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டி "இதுக்காகத்தான் அண்ணா" என்று வாயால் சொல்லாமலே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது பாராட்டும் இல்லை, பொன்னாடையும் இல்லை, இது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம், பொறுப்பை ஒப்படைப்பதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பதினேழு கேள்விகள். பன்னிரண்டாவது: ஒப்பீட்டு நட்சத்திரம் மாறாதது என்பது எப்படிச் சரிபார்க்கப்பட்டது? "முந்தைய பதிவுகளின்படி" என்று எழுதினால் போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். பேனாவைத் தாளில் வைத்தவள் எடுத்துவிட்டாள். சும்மா எழுத அவளுக்குக் கை வராது. அதுதான் அவளிடம் உள்ள கோளாறு.

எட்டு வருஷத்துக்கு முன்பு பழைய கருவியைக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியில் கேமரா மாட்டினார்கள். அதன் படத்தில் சின்னவனும் பக்கத்து வீட்டுக்காரனும் மட்டுமல்ல, சுற்றியிருக்கிற இன்னும் பதின்மூன்று நட்சத்திரங்களும் விழும். ஆனால் பழைய அளவுகளோடு தொடர்ச்சி விட்டுப்போகக் கூடாது என்று, அவள் கணினியில் அந்த இரண்டை மட்டும் சுற்றி இரண்டு வட்டம் போட்டு, அவற்றுக்குள் விழுந்த வெளிச்சத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக மீதிப் பதின்மூன்றும் கண் முன்னால் இருந்தன. அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை. ஒருத்தனைப் பார்க்க உட்கார்ந்தவளுக்கு மற்றவர்களைப் பார்க்க எங்கே தோன்றும்?

கால் மணி நேர வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். பதின்மூன்றில் மங்கலானவற்றைத் தள்ளிவிட்டு, எட்டைப் பொறுக்கி, அவற்றின் சராசரியோடு பக்கத்து வீட்டுக்காரனை ஒப்பிடச் சொல்லிக் கணினியில் கட்டளை கொடுத்துவிட்டு, டீ எடுக்கப் போனாள். வந்து பார்த்தபோது திரையில் ஒரு வளைகோடு இருந்தது. கொஞ்சம் ஏறி, பிறகு மெல்ல இறங்கும் கோடு. அவளுக்கு அந்த வளைவு தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட வரைவாள். சின்னவனுடைய வளைவு அது, தலைகீழாக இருந்தது.

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை. சின்னவனை அந்த எட்டோடு ஒப்பிடச் சொன்னாள். ஒரு நேர்கோடு வந்தது. எட்டு வருஷத்துக்கும் ஒரே நேர்கோடு. ஆயிரத்தில் கால் பங்குகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

மறுபடி செய்தாள். எட்டை மாற்றிப் போட்டுச் செய்தாள், ஐந்தைப் போட்டுச் செய்தாள், ஒவ்வொன்றாகப் போட்டுச் செய்தாள். எப்படிச் செய்தாலும் அதே நேர்கோடு. சின்னவன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புள்ளி வந்ததும் போனதும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு. அவன்மேல் கரும்புள்ளி கூடிக்கூடி அவன் மங்கியபோதெல்லாம், சின்னவன் பிரகாசமாகிறான் என்று இவள் எழுதியிருக்கிறாள். எடைக்கல்லே கூடிக் குறைந்துகொண்டிருந்தால் நிறுக்கிற பொருளை என்ன குற்றம் சொல்வது? மூன்றாவது ஆள் இருந்திருந்தால் இரண்டாம் வருஷத்தின் முடிவிலேயே காட்டிக்கொடுத்திருப்பான். நாலு நிமிஷம் மிச்சம் பிடித்தாள், இருபத்தொன்பது வருஷம் போயிற்று.

கடைசியாக ஒன்று செய்தாள். செய்திருக்கவே வேண்டாம். ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த மூன்று இரவின் படங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாள். மூன்று புள்ளிகளும் கோடு கிழித்த மாதிரி ஒரே வரிசையில் இருந்தன. அந்த மயிரிழை ஏற்றம் இல்லவே இல்லை.

மாலை வரைக்கும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, அதிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். இப்படி ஒரு விஷயத்தைச் சொன்னால் புரிகிறவர்கள் இருந்தார்கள். சொன்னால் வலிக்குமே என்று நினைக்கிறவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒருவராக இருக்கிற ஆள் அதில் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை மெக்கானிக் குவிமாடத்தின் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட வந்தார்.

"என்ன, சின்னவனம்மா, முகம் இப்படிக் கிடக்கு? பையனை விட்டுட்டுப் போறோமேன்னா?"

"உங்களை ஒண்ணு கேக்கணும். ஒரு சக்கரத்தைத் தப்பா மாட்டிட்டீங்க. யாருக்கும் தெரியாது. குவிமாடமும் நல்லாத்தான் சுத்துது. என்ன பண்ணுவீங்க?"

"எந்தச் சக்கரம்?" என்று அவர் பதறினார்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு." எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "கழட்டித்தான் மாட்டணும். வேற என்ன பண்றது? நாளைக்கு அது கீழ நிக்கறவன் தலையிலதானே இறங்கும்."

"கழட்டினா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"ஆமா, பெரிய பேரு. இருபது வருஷமா என் பேரே இங்க யாருக்கும் தெரியாது. 'யோவ், எண்ணெய்'னுதான் கூப்பிடறாங்க."

அவள் சிரித்தாள். இரண்டு நாளில் சிரித்தது அது ஒருமுறைதான்.

வியாழக்கிழமை இயக்குநர் அறைக்குப் போய் இரண்டு படங்களையும் மேஜைமேல் வைத்தாள். அவர் கெட்டிக்காரர், விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நாளைக்கே சொல்லணும்னு இல்லைம்மா. பழைய படத்தை வச்சே பேசுங்க, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சின்னத் திருத்தமா போட்டுடலாம். உங்க அண்ணன் வேற அவ்வளவு தூரத்துலேருந்து வர்றார்."

நல்ல மனுஷன். நல்லதுக்குத்தான் சொன்னார். அவளும் ஒரு கணம் சபலப்பட்டாள். அவளை உத்தமி என்று காட்டுவதற்காக அதை நான் மறைக்க மாட்டேன். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த வளைகோட்டைப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. ஒரே ஒரு நாள். அவர் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். திருத்தம் வருகிற பத்திரிகையை அவர் என்றைக்குப் படிக்கப் போகிறார்?

"ரெண்டு மாசம் கழிச்சு நான் இங்க இருக்க மாட்டேன் சார்" என்றாள். "என் தப்பை வேற யாரோ வந்து சொல்ற மாதிரி ஆயிடும். நானே சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு தடியோடு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி பக்கத்தில், "உள்ளேயே இவ்வளவு குளிருதே, இதுலயா இத்தனை வருஷம் இருந்தே?" என்று வந்ததிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். மெக்கானிக் கடைசி வரிசையில், கதவோரமாக.

அவள் முதலில் பழைய படத்தைப் போட்டாள். மூன்று உச்சி, இரண்டு அடி, சிவப்பு வட்டம். அழகான கோடு, பொய் சொல்லக் கூடாது. கூடத்தில் ஒரு "ஆகா" எழுந்து அடங்கியது. அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வார்த்தையைச் சொல்வதற்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதை அவள்தான் அறிவாள்.

"இது தப்பு" என்றாள்.

பிறகு நேர்கோட்டைப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது நட்சத்திரத்தை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டார். "நான்தான் விட்டேன். நாலு நிமிஷம் மிச்சமாகுமேன்னு விட்டேன். யாரையும் கேக்கலை" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. முப்பது நிமிஷப் பேச்சைப் பதினொரு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

இயக்குநர் எழுந்தார். இவ்வளவு அசையாத ஒரு நட்சத்திரம் கிடைப்பது அபூர்வம், அடுத்த வருஷம் தொடங்கப்போகிற பெரிய ஆய்வுக்கு இதையே ஒப்பீட்டு நட்சத்திரமாக வைத்துக்கொள்ளலாம், இது இந்த அம்மாவுடைய கொடை என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் கும்பிட்டாள். ஒப்பீட்டு நட்சத்திரத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது அந்தக் கூடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அளப்பார்கள், கழிப்பார்கள், அடுத்ததுக்குப் போவார்கள். சின்னவனுக்கு இனிமேல் அந்த வேலை.

மூன்றரை மணிக்குத்தான் கீழே போகிற பஸ். அண்ணியை மெக்கானிக் பெரிய தொலைநோக்கியைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். அண்ணனும் அவளும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் இருந்தும் காற்று ஜில்லென்று இருந்தது. அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பேசினே பாப்பா."

"புரிஞ்சுதா அண்ணா?"

"எங்க புரிஞ்சுது! பாதிக்குமேல பிடிபடலை. ஒண்ணே ஒண்ணுதான் புரிஞ்சுது. அந்தச் சிவப்பு வட்டம். அது அம்மா சமயம்தானே?"

"ஆமா."

"அப்போ அது ஏறலையா?"

"ஏறலை அண்ணா. அது ஏறவே இல்லை. இறங்கவும் இல்லை. எப்பவும் போல இருந்திருக்கு. நான் வந்திருக்கலாம். ஒண்ணுமில்லாததுக்காக நான் வராம இருந்துட்டேன்."

அண்ணன் தடியைப் பெஞ்சின்மேல் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டார்.

"நீ அத்தனை பேர் முன்னாடி நின்னு தப்புன்னு சொன்னே" என்றார். "நான் உன்கிட்ட ஆறு வருஷமா ஒண்ணைச் சொல்லலை."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சு. உன்னைக் கேட்டாங்க. முதல் நாளே கேட்டாங்க. நீ போன்ல வரட்டுமான்னு கேட்டப்போ நான்தான் வேண்டாம்னேன். டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலை. நானா சொன்னது. நீ ஏதோ பெரிய காரியத்துல இருக்கே, மூணு நாள்தானே, அதைக் கெடுக்கக் கூடாதுன்னு நினைச்சேன். உனக்குன்னு வேற எதுவும் இல்லையே, அதையாவது முழுசாப் பண்ணட்டும்னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'நட்சத்திரம் கீழ இறங்கியிருக்காம், ஏறப்போகுதாம், அதைப் பார்த்துட்டு வந்துடுவா'ன்னு சொன்னேன். சரி, பார்த்துட்டு வரட்டும்னாங்க. அப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் கேட்டாங்க. ஏறிடுச்சா, ஏறிடுச்சான்னு." அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "மூணாம் நாள் சாயங்காலமும் கேட்டாங்க. ஏறிடுச்சும்மான்னு சொல்லிட்டேன். அப்படியான்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் பேசலை."

அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். கூடத்தில் இருந்த நாற்பது பேரிடமும் தப்பு என்று சொல்லியாயிற்று. பத்திரிகைக்கும் எழுதிவிடலாம். அறுபத்தோரு நோட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் அடித்துத் திருத்தி எழுதச் சொன்னாலும் எழுதுவாள். அம்மாவிடம் மட்டும் போய்ச் சொல்ல வழியில்லை.

"பொய் சொல்லிட்டேன் பாப்பா" என்றார் அண்ணன்.

"அன்னிக்கு நீங்க கேட்டிருந்தா நானும் ஏறிடுச்சுன்னுதான் அண்ணா சொல்லியிருப்பேன்" என்றாள் அவள்.

பஸ் வருகிற சத்தம் வளைவுக்குக் கீழே கேட்டது. அண்ணி தூரத்திலிருந்து, குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு, இவர்களைக் கூப்பிட்டபடி வந்துகொண்டிருந்தார். அவள் குனிந்து தடியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.